மூழ்கும் மீனுக்கு ஒரு சொல்

யூஃபீமியா லோரிமருக்கு நாற்பத்து நான்கு வயது. அதில் சரிபாதியை எடின்பரோவில், குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் கேடயச் சின்னம் வழங்கும் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், வடக்குப் பார்த்த ஒரு ஜன்னலடியில் கழித்திருந்தாள். அவளுடைய வேலை சின்னத்தைச் சொல்லால் எழுதுவது. கேடயத்தில் என்ன இருக்கிறது என்பதை, அதைப் பார்த்தே இராத ஒருவர் படித்தாலும் பிசகாமல் வரைந்துவிடும்படி, ஒரே வாக்கியத்தில் எழுதித் தர வேண்டும். படம் கிழியலாம், கரையான் அரிக்கலாம், மழையில் கரையலாம். வாக்கியம் பதிவேட்டில் இருந்தால் சின்னம் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வாக்கியத்துக்கென்று தனிப் பாஷை இருந்தது. பழைய பிரெஞ்சும் லத்தீனும் கலந்து பிசைந்த பாஷை. நீலம் என்று எழுதக் கூடாது, அஷூர். சிவப்புக்கு கியூல்ஸ். சிங்கம் பின்னங்காலில் எழுந்து நின்றால் ஒரு சொல், நடந்தால் ஒரு சொல், குந்தினால் ஒன்று, தூங்கினால் ஒன்று. பறவை சிறகை மடக்கியிருக்கிறதா, விரிக்கப் பார்க்கிறதா, பறந்தே போய்விட்டதா, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. வலது இடது கூடப் பார்க்கிறவருடையது அல்ல. கேடயத்துக்குப் பின்னால் நிற்கும் ஆளுடையது.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே யூஃபீமியாவுக்கு இந்தப் பாஷை பிடித்துப்போனது. சாதாரணப் பேச்சில் அவள் கெட்டிக்காரி அல்ல. கடையில் போய் அரை பவுண்டு வெண்ணெய் கேட்பதற்குள் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்துவிடுவார்கள். வாடகை வீட்டுக்காரி சௌக்கியமா என்று கேட்டால், என்ன பதில் சொல்வது என்று மாடிப்படி ஏறி முடிக்கும்வரை யோசிப்பாள். ஆனால் மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் தொட்டுவிட்டால் தடுமாற்றம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொல்தான். அது அவளுக்குத் தெரியும்.

அவள் எழுதும் வாக்கியத்தைப் படமாக்குகிறவர் எதிர்மேஜையில் இருந்தார். நினியன் கெடஸ் என்று பெயர். நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, கோட்டின் முழங்கையில் எப்போதும் ஏதாவது ஒரு வண்ணம் ஒட்டியிருக்கும். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் தினம் சண்டை போட்டார்கள். "மிஸ் லோரிமர்" என்றும் "மிஸ்டர் கெடஸ்" என்றும் மிக மரியாதையாகத்தான் போட்டார்கள்.

அந்த வருஷம், 1957 மார்ச்சில், ஸ்கார்ஹேவனிலிருந்து கடிதம் வந்தது.

ஸ்கார்ஹேவன் வடகிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். ஹெர்ரிங் மீனால் பிழைக்கும் ஊர். துறைமுகத்தில் இருந்த ஒரு பழைய கல்லில் மூன்று மீன்கள் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருந்தன; அதையே முறைப்படி ஊர்ச் சின்னமாகப் பதிவுசெய்து தர வேண்டும் என்று நகரசபை விண்ணப்பித்திருந்தது. யூஃபீமியா வாக்கியத்தை எழுதினாள்: அஷூர், அதன்மேல் மூன்று வெள்ளி ஹெர்ரிங், யூரினன்ட். தலை கீழாக, வால் மேலாக மூழ்கும் மீனுக்கு அதுதான் சொல். லத்தீனில் 'முங்குவது' என்று பொருள். அவளுடைய அப்பா லத்தீன் வாத்தியார். அவளுக்கு அதில் வேறெந்த நினைப்பும் வரவில்லை.

வரைவு ஊருக்குப் போனது. நகரத் தலைவர் சபைக் கூட்டத்தில் வரைவை உரக்கப் படித்தாராம். அந்தச் சொல்லில் நாக்கு தட்டி, இன்னொரு தடவை உரக்கப் படித்தாராம். மறுவாரம் வட்டாரப் பத்திரிகை அதைக் கொட்டை எழுத்தில் போட்டது. அதற்கு அடுத்த சனிக்கிழமை கால்பந்து மைதானத்தில், பக்கத்து ஊரான இன்வர்டல்லியின் ஆட்கள், ஸ்கார்ஹேவன் அணி உள்ளே வந்தபோது ஒரே குரலில் "ஷ்ஷ்ஷ்" என்று தண்ணீர் பாயும் சத்தம் எழுப்பினார்கள். ஸ்கார்ஹேவன் நான்கு கோல் வாங்கித் தோற்றது.

நகரசபையின் கடிதம் சுருக்கமாக இருந்தது. "மூன்று மீன்களும் இருக்கட்டும். அவை செய்யும் காரியம் வேண்டாம்."

யூஃபீமியா அதை நாலு தடவை படித்தாள். எதிர்மேஜையில் நினியனின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"சிரிக்கிறதா இருந்தா சத்தமா சிரிச்சுடுங்க, மிஸ்டர் கெடஸ். உள்ளேயே வச்சா நெஞ்சு வலிக்கும்."

"நான் ஒண்ணு சொல்லட்டா, மிஸ் லோரிமர்?"

"வேணாம்னா விடப் போறீங்களா?"

"மீனைத் திருப்பிப் போட்டுடலாம். தலை மேல வரட்டும். மூச்சு வாங்க மேல வர்ற மீன். அதுக்கு ஹோரியன்ட்னு நல்லபடியா ஒரு வார்த்தை வச்சிருக்கீங்களே. யாருக்கும் தகராறு இல்ல. தாளைத் தலைகீழாப் பிடிச்சா போதும், எனக்குப் புதுசா வரையற வேலையும் மிச்சம்."

"அவங்க அனுப்பின கல் போட்டோவுல தலை கீழதான் இருக்கு."

"அந்தப் போட்டோவுல அது மீனா கேரட்டான்னே தெரியல."

"மீன். தலை கீழ. சொல் சரி."

"சொல் சரிதான். ஊர் ஒத்துக்கலையே!"

இந்த வாக்குவாதம் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அலுவலகத்தின் பெரியவர் இருவரையும் கூப்பிட்டார். "நீங்க போய் அந்தக் கல்லைக் கண்ணால பாருங்க, கெடஸ். மிஸ் லோரிமர், நீங்க அவங்க சபையில அந்தச் சொல்லை விளக்கிச் சொல்லுங்க. வியாழக்கிழமை மத்தியானம் கூட்டம் இருக்காம்."

"நானா?" என்றாள் யூஃபீமியா. "பேசணுமா?"

"எழுதினது நீங்கதானே!"

ரயிலில் இரண்டு இடத்தில் மாறிப் போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் அவள் ஒரு துண்டுத்தாளில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். "மதிப்பிற்குரிய" என்ற சொல்லுக்கு அப்பால் போகவில்லை. நினியன் முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துப் பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க. வெறும் வயித்துல மதிப்பிற்குரியவங்களப் பாக்கக் கூடாது."

ஸ்கார்ஹேவனில் காற்று தொப்பியைப் பிடுங்கியது. கல் துறைமுகத்து ஐஸ் கிடங்கின் வாசலுக்கு மேலே, ஆள் உயரத்துக்கும் மேலாகப் பதித்திருந்தது. உப்புக்காற்று அதை சோப்புக்கட்டி மாதிரி தேய்த்திருந்தது. நினியன் சுற்றுமுற்றும் பார்த்தார். காலி மீன்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு மேலே ஏறி, கல்லின் மீது காகிதத்தை விரித்துக் கரிக்கட்டியால் தேய்க்க ஆரம்பித்தார். அவள் பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அவர் கோட்டெல்லாம் மீன்செதில் ஒட்டியது.

"யாரது என் பெட்டி மேல? எறங்குய்யா கீழ! ஒடைஞ்சா உங்கப்பனா வந்து அடிச்சுத் தருவான்?"

குரலுக்குச் சொந்தக்காரி முன்னால் வந்தாள். அறுபது வயதிருக்கும். தோள் அகன்ற உடம்பு. சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. விரல்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய கத்திக் காயங்கள். நாற்பது வருஷம் ஹெர்ரிங் குடல் எடுத்த விரல்கள் அவை.

நினியன் பெட்டியிலிருந்தே தொப்பியைத் தூக்கினார். "மன்னிச்சுடுங்கம்மா. எடின்பரோவுலேர்ந்து வர்றோம். இந்தக் கல்லு விஷயமா."

அந்த அம்மாள் யூஃபீமியாவை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அந்த ஆபீஸ்காரி நீதானா? எங்க மீனை ஒண்ணுக்குப் போக வச்சவ?"

யூஃபீமியா மீன்பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான் பெல்லா ஃபிளெட். இந்த ஊர் சபையில நானும் ஒரு மெம்பர். ஒன்பது பேர்ல ஒரே பொம்பள. நீ பேசறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன் பொண்ணே, எம் பேரன் அன்னிக்கு மைதானத்துல கோலுக்கு நின்னான். வீட்டுக்கு வந்து சாப்பிடல."

"மேடம்," என்றார் நினியன் பெட்டியிலிருந்து இறங்கி. "மீனோட தலையை மேல பாத்து மாத்திட்டா அந்தச் சொல்லே வேண்டாம். சுலபமா முடிஞ்சுடும்."

பெல்லாவின் முகம் மாறியது. "மாத்தறதா? யாரு மாத்தறது?"

"இல்ல, ஒரு யோசனைதான்..."

"தம்பி, அந்தக் கல்லை வச்சது ஏன்னு தெரியுமா? எங்க அம்மா பொறக்கறதுக்கு முன்னாடி மூணு வருஷம் இங்க ஹெர்ரிங்கே வரல. ஆழத்துக்கு எறங்கிடுச்சு. வலை போட்டா வெறும் பாசிதான். பாறையில ஒட்டற நத்தையைச் சொரண்டித் தின்னுருக்காங்க. பாதி ஊரு கனடாவுக்குக் கப்பல் ஏறிடுச்சு. நாலாம் வருஷம் அதுவா மேல வந்துச்சு. ஒரே நாள்ல அறுபது படகு நெறைய. மீந்தவங்க சேர்ந்து அந்தக் கல்லை வச்சாங்க. மேல வந்த மீனைச் செதுக்கல பாத்தியா? கீழ போன மீனைத்தான் செதுக்கினாங்க. போனதும் நம்ம மீனுதான்னு." அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "தலையைத் திருப்பினே, உன்னைத் திருப்பிடுவேன்."

நினியன் காகிதத்தைச் சுருட்டினார். சிறிது தூரம் நடந்த பிறகு, "மிஸ் லோரிமர், நான் சொன்ன யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார்.

சபை கூடும் மண்டபத்தில் இரண்டு மணிக்கெல்லாம் இடமில்லை. நீள மேஜைக்குப் பின்னால் ஒன்பது பேர். எதிரே பெஞ்சுகளில் ஊர். நடுவில் நகரத் தலைவர் மேக்னஸ் ஃபின்ட்லே, கழுத்தில் பதவிச் சங்கிலியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் கட்பர்ட் ஸ்லேட்டர், மீன் வியாபாரி. கடிதத்தை எழுதவைத்தவர் அவர்தான். மேஜைக் கோடியில் தொப்பிக்கடைக்காரர் ஒருவர் கையை மார்பில் கட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

யூஃபீமியா எழுந்து நின்றாள். "மதிப்பிற்குரிய," என்றாள். அப்புறம் துண்டுத்தாளைப் பார்த்தாள். "மதிப்பிற்குரிய..."

"மதிப்பு இருந்துச்சும்மா," என்றார் கட்பர்ட். "உங்க லெட்டர் வர்ற வரைக்கும் இருந்துச்சு."

பெஞ்சுகள் சிரித்தன. அவளுக்குக் காதுவரை சுட்டது. சுவர் ஓரமாக நின்ற நினியனைப் பார்த்தாள், அவர் சிரிக்கவில்லை. தாளை உள்ளே வைக்கச் சொல்வதுபோல் தலையை லேசாக ஆட்டினார். அவள் அதை மடித்துப் பைக்குள் போட்டாள். போட்ட பிறகு சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை.

காப்பாற்றியது பெல்லா ஃபிளெட்தான். வேண்டுமென்றே காப்பாற்றினாளா, வேடிக்கைக்குக் கேட்டாளா என்று யூஃபீமியாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"ஏ பொண்ணே, ஒண்ணு கேக்கறேன். மீனு முங்கினா அதுக்கு ஒரு வார்த்தையா?"

"ஆமாம்மா."

"நீந்தினா?"

"அதுக்கு வேற."

"அப்ப இதோ உக்காந்திருக்காரே எங்க தலைவரு, இவருக்கும் வார்த்தை இருக்கா?"

யூஃபீமியா மேக்னஸ் ஃபின்ட்லேயைப் பார்த்தாள். ஒரு கேடயத்தைப் பார்ப்பது போலவே பார்த்தாள். உடனே சொல் வந்தது. "சேஜன்ட். குந்தி உக்காந்திருக்கற மிருகம்."

மண்டபத்தில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார்.

"கட்பர்ட்?"

"அவர் முகத்தைத் திருப்பி நம்மளயே பாத்துட்டிருக்காரு. கார்டன்ட்."

"அதோ, அந்த ரெண்டாவது ஆளு? பின்னால திரும்பி கடிகாரத்தையே பாக்கறானே, மதுக்கடை எப்ப தெறப்பாங்கன்னு?"

"ரிகார்டன்ட். தோளுக்கு மேல பின்னால பாக்கறது."

இப்போது பெஞ்சுகளிலிருந்தே கேள்விகள் வந்தன. "கோடியில தூங்கறவரு?"

"டார்மன்ட்." அவள் சற்று யோசித்தாள். "நாக்கு வேற நெறத்துல தெரிஞ்சா அதையும் எழுதணும். அவருக்கு இப்ப தெரியுது."

மண்டபம் அதிர்ந்தது. தொப்பிக்கடைக்காரர் விழித்து, "நான் ஆதரிக்கறேன்!" என்றார். தலைவர் சங்கிலி குலுங்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு?" என்றாள் பெல்லா. இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி, பாதி எழுந்து நின்றிருந்தாள்.

யூஃபீமியா தயங்கினாள். "சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"ரேம்பன்ட். பின்னங்கால்ல எழுந்து நின்னு, நகத்தை நீட்டிகிட்டு, பாயத் தயாரா இருக்கறது. ராஜாவோட சிங்கத்துக்கு அதான் சொல்லு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பெல்லாதான் எல்லாரையும் விட அதிகம் சிரித்தாள். பிறகு கட்டைவிரலால் சுவர் ஓரத்தைக் காட்டினாள். "அந்தா, என் பெட்டி மேல ஏறின அந்த ஆளு?"

நினியன் தொப்பியை வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முழங்கையில் போன வாரத்து நீலம். முழங்காலில் செதில். தலைமுடியைக் காற்று ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது. யூஃபீமியா அவரைப் பதினோரு வருஷமாக எதிர்மேஜையில் பார்த்திருக்கிறாள். இப்போதும் பார்த்தாள், சொல் தானாக வாயில் வந்து நின்றது.

"ப்ராப்பர்," என்றாள்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"இயற்கையில எப்படி இருக்கோ அப்படியே. நாம எந்தக் கலரும் பூச வேண்டியதில்ல." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

பின்பெஞ்சிலிருந்து ஒரு கிழவர், "இப்ப அந்தாளு காதுல ஒரு கலரு ஏறுதே, அதுக்குப் பேரு?" என்று கேட்டார்.

"கியூல்ஸ்," என்றாள் யூஃபீமியா தரையைப் பார்த்தபடி.

தலைவர் மேஜையைத் தட்டி அமைதியாக்கினார். அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு பாக்கி இருந்தது. ஆனால் கேள்வியை நிதானமாகக் கேட்டார். "மிஸ் லோரிமர், நல்லா சிரிச்சோம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. மீனு தலைகீழா இருக்குன்னு சாதாரணமா எழுதிட்டா என்ன கொறைஞ்சுடும்?"

அவள் இப்போது தாளைத் தேடவில்லை.

"எழுதலாம்யா. யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா இருநூறு வருஷம் கழிச்சு, இந்த ஊரையே பாக்காத ஒருத்தர் அதைப் படிச்சிட்டு வரைவாரு. மீன் தலைகீழா இருக்குன்னா அவர் என்ன வரைவாரு? கொக்கியில தொங்கற மீனை வரைவாரு. வாயப் பொளந்துகிட்டு, கண்ணு வெளுத்துப்போய். தலைகீழான்னா அதுவும் தலைகீழ்தானே? செத்த மீன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இந்தச் சொல்லு ஒண்ணுதான் மீனு உசிரோட இருக்குன்னு சொல்லுது. அதுவா, தன் இஷ்டத்துக்கு ஆழத்துக்குப் போகுது. வேற எந்தச் சொல்லுலயும் அது வராது. நான் தேடிப் பாத்துட்டேன். ரெண்டு நாளா தேடினேன்."

வெளியே கடற்பறவைகள் கத்துவது கேட்டது. பெல்லா ஃபிளெட் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்பர்ட்," என்றாள் கடைசியில். "நீ முப்பது வருஷமா ஹெர்ரிங் வாங்கி விக்கற. என்னை விட உனக்கு நல்லாத் தெரியும். கடல்ல இருக்கற மீனு, அந்த வேலைக்குன்னு கரையேறி வருதா?"

கட்பர்ட் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"அது உள்ளேயேதான் போகுது. நாமளும் அதைத்தான் தின்னு வளந்தோம். நம்ம மீனு என்ன வேணா பண்ணிட்டுப் போகட்டும். உசிரோட பண்ணட்டும். ஓட்டுக்கு விடுங்க தலைவரே."

ஏழுக்கு இரண்டு. எதிர்த்த இரண்டு பேரில் ஒருவர் கட்பர்ட். இன்னொருவர் தொப்பிக்கடைக்காரர், எப்போது கை தூக்குவது என்று அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

பெல்லா இருவரையும் வீட்டுக்கு இழுத்துப்போய், ஓட்ஸ் மாவில் புரட்டிப் பொரித்த ஹெர்ரிங்கும் கறுத்த தேநீரும் கொடுத்தாள். கோலுக்கு நின்ற பேரனும் வந்து உட்கார்ந்தான், ஆறடி உயரம். கதையைக் கேட்டுவிட்டு மூன்று மீன் சாப்பிட்டான்.

திரும்பும் ரயிலில் நினியன் கல்லைத் தேய்த்தெடுத்த காகிதத்தை விரிப்பதும் சுருட்டுவதுமாகவே வந்தார். ஜன்னலில் வயல்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் அப்படி இருந்து அவள் பார்த்ததே இல்லை. தன் வாய்த்துடுக்கால் மனிதர் புண்பட்டுவிட்டாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

மான்ட்ரோஸ் ஸ்டேஷன் தாண்டிய பிறகு அவர் தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை மத்தியானம் என்ன பண்ணுவீங்க, மிஸ் லோரிமர்?"

"துணி இஸ்திரி போடுவேன்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம். சட்டைக் கை நெறைய இருந்தா கொஞ்சம் கூட."

அவர் தலையாட்டினார். அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சமைக்க வரும். கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும். இஸ்திரி முடிஞ்சு வந்தீங்கன்னா சரியா இருக்கும்."

என்ன பதில் சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. "கேரட் போட மாட்டீங்கல்ல?" என்றாள். "எனக்குப் பிடிக்காது."

"போட மாட்டேன்."

"அப்ப வர்றேன்."

அந்தச் சனிக்கிழமை கொத்துக்கறி அடிப்பிடித்துத் தீய்ந்துபோனது. இரண்டு பேரும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். தப்பு யாருடையது என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் சமைத்தாள்.

ஜூலையில் ஸ்கார்ஹேவனுக்குச் சின்னம் கொடுக்கும் விழா. அலுவலகத்தின் பெரியவர் தங்க சரிகை வைத்த கோட்டில் வேர்த்துப்போய் நின்று, தோல் ஏட்டிலிருந்து வாக்கியத்தைப் படித்தார். துறைமுகம் முழுக்க ஜனம். நினியன் வரைந்த மூன்று வெள்ளி ஹெர்ரிங்குகள் நீலத்தில் கீழ்நோக்கிப் பாய்ந்தன. ஒவ்வொரு வாலும் ஒரு மாதிரி. மூன்றாவது மீனுக்குக் கண்ணில் கொஞ்சம் திமிர் கூட இருந்தது. "யூரினன்ட்" என்று பெரியவர் படித்தபோது ஊர் மொத்தமும் கைதட்டியது.

இன்வர்டல்லியிலிருந்து பேண்டு வாத்தியக் குழு ஒன்று மரியாதைக்கு வந்திருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் அதிலிருந்த ஒரு முரசுக்காரன் சும்மா இருக்க முடியாமல், "ஷ்ஷ்ஷ்" என்று ஆரம்பித்தான். பேண்டில் பாதி சேர்ந்துகொண்டது.

பெல்லா ஃபிளெட் மேடை விளிம்புக்கு வந்து, இடுப்பில் கை வைத்தாள். "ஏண்டா தம்பி, இந்தக் கடல்ல நீரோட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு உங்க அப்பன்கிட்ட கேட்டிருக்கியா?"

முரசுக்காரன் குச்சிகளைத் தாழ்த்தினான்.

"எங்க ஊர்லேர்ந்து உங்க ஊருக்குடா! கோடையில நீங்கதானே அங்க குளிக்கறீங்க?"

அந்த நாளுக்குப் பிறகு கால்பந்து மைதானத்தில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. இன்வர்டல்லியில் அந்தக் கோடையில் கடலில் குளித்தவர்கள் குறைவு என்று கட்பர்ட் ஸ்லேட்டரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விருந்தில் பெல்லா, தட்டை ஏந்திக்கொண்டு நின்ற யூஃபீமியாவுக்கும் நினியனுக்கும் நடுவில் வந்து புகுந்தாள். இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை.

"என்ன, எப்போ?"

நினியனுக்கு மீன் முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. இருமத் தொடங்கினார். யூஃபீமியா அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"செப்டம்பர் பதினாலு," என்றாள் பெல்லாவிடம். "நீங்க வரணும். வரும்போது ஹெர்ரிங் கொண்டு வாங்க, இவரை நம்பி அடுப்படியை விட முடியாது."